நரம்பு டொக்டரும் இசபெலின் சமயமும்

"ஆறு வருசம், அக்கா. ஆறு வருசமாய் என்னை ஒரு விசர் டொக்டருக்கு முன்னாலை கொண்டுபோய் இருத்திப்போட்டு, நரம்பு டொக்டர் எண்டு சொல்லியிருக்கிறாய்."

"கத்தாதை. மேல் வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். லா சப்பல் முழுக்கக் கேக்கட்டும்."

மேல் வீட்டுக்குக் கேட்டது. மேல் வீட்டில் இருப்பது நான். பாரிசின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் எங்கள் கட்டடத்துச் சுவர்கள் கடதாசி போன்றவை. கீழே ஒருவர் தும்மினால் மேலே மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காக வெளியே வந்தேன். மூன்று சோடிச் செருப்புகளை ஒழுங்குபடுத்த எனக்கு அன்று முக்கால் மணி நேரம் எடுத்தது.

கீழே தயாளினியின் கதவு திறந்து கிடந்தது. மருந்துக் குளிசைப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படிக்கட்டில் வந்து விழுந்தன. எறிந்தவன் அவளுடைய தம்பி பிரதீஸ். தயாளினி படிப்படியாக இறங்கி, குனிந்து பொறுக்கி, சேலைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் யாரோ அவளுக்குப் பூப் போடுவதுபோல இருந்தது.

விஷயம் இதுதான். பிரதீஸ் வன்னிப் பிள்ளை. கடைசிச் சண்டையில் இருந்து தப்பி, முகாமில் இருந்து, பிறகு எப்படியோ பாரிசுக்கு வந்து சேர்ந்தவன். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டது. கெண்டைக்காலில் ஒரு ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. ஆனால் அது இருப்பதற்காக பிரெஞ்சுக்காரன் வதிவிட அட்டை தருவதில்லை. தருவது வேறொன்றுக்கு. கண்ணை மூடினால் நித்திரை வராத, கதவு அடித்தால் மேசைக்குக் கீழே போகிற, பேச்சின் நடுவே எங்கோ போய்விடுகிற வருத்தத்துக்கு. அந்த வருத்தத்துக்கு இங்கே வைத்தியம் தேவை என்று மனநல வைத்தியர் எழுதிக் கொடுத்தால், வருத்தக்காரருக்கான வதிவிட அட்டை, எங்கள் பேச்சில் காட், கிடைக்கும். ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம் வைத்தியர் மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் காட் இல்லை, வேலை இல்லை, தெருவில் பொலிஸைக் கண்டால் மற்றப் பக்கம் நடக்க வேண்டும்.

இதைத் தயாளினிக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீக்கிலாஸ். மன்னார்க்காரர், போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறார். படிவம் நிரப்புவதில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மனைவி தவறிய பிறகு அவருக்கு இருக்கிற ஒரே துணை காட் கொடுக்கிற பிரெபெக்தூர் அலுவலகத்தின் படிவங்கள்தான் என்று சொல்வோம். நல்ல யோசனைதான் சொன்னார். ஆனால் தயாளினிக்கு ஒரு பயம்: தம்பிக்கு விசர், பைத்தியம் என்று ஊர் சொல்லிவிட்டால்? அவனுக்கு ஒரு கலியாணம் காட்சி பார்க்க வேண்டாமா? ஆகவே ஊருக்கு "அகதிக் காட்" என்றாள். தம்பிக்கு "நரம்பு டொக்டர்" என்றாள்.

தம்பிக்குப் பிரெஞ்சு, கோப்பை கழுவுகிற அளவுக்குத்தான் வரும். ஸ்டாலின்கிராட் மெற்றோவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மனநல நிலையத்தின் பெயர்ப்பலகையை அவன் வாசிக்கவில்லை. வைத்தியர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவதாகப் பல தடவை சொல்லியும், தயாளினி வேண்டாம் என்று தானே மொழிபெயர்த்தாள். எப்படி மொழிபெயர்த்தாள் என்பது அன்றைக்குப் படிக்கட்டில்தான் வெளிவந்தது. இரவில் ஏதாவது சத்தங்கள் கேட்கிறதா என்று வைத்தியர் கேட்பார். அவள் தம்பியிடம் திரும்பி, "கால் விறைக்குதோ எண்டு கேக்கிறார்" என்பாள். அவன் ஓம் என்று தலையாட்டுவான். சத்தம் கேட்கிறதாம் என்று அவள் பிரெஞ்சில் சொல்வாள். செத்துப் போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று வைத்தியர் கேட்பார். "சாப்பாடு செமிக்குதோ எண்டு கேக்கிறார்." செமிக்கவில்லை என்பான். வைத்தியர் கவலையோடு எழுதிக்கொள்வார்.

இத்தனைக்கும் அவள் சொன்ன பதில்களில் ஒன்றும் பொய் இல்லை. ஒரே அறையில் ஒரு துணித் திரைக்கு இந்தப் பக்கம் படுப்பவளுக்குத் தம்பியின் இரவுகள் தெரியாதா? பதில்கள் உண்மை. கேள்விகள்தான் பொய். ஆறு வருடம் இந்த நாடகம் ஓடியது. குளிசையும் வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். அவன் வேலைக்குப் போனான், சிரித்தான், கோயில் தேருக்கு வந்தான்.

இந்த நேர்த்தியான ஏற்பாட்டுக்குள்தான் இசபெல் வந்து சேர்ந்தாள்.

இசபெல் பிரெஞ்சுப் பெண். பிரதீஸ் வேலை செய்த உணவகத்தில் மேசை பார்ப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆளைப் பார்த்து நேராகப் பேசுவாள், கண் இமைக்க மாட்டாள். அதுவே எங்களுக்குக் கொஞ்சம் சங்கடம். அவள் சயன்டோலஜி என்ற சமயத்தைச் சேர்ந்தவள். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிரதீஸுக்கு, பாரிசுக்கு வெளியே எபினேயில் ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்த மேரிறோஸ், அது புதிய பெந்தெகொஸ்தே சபை என்று நினைத்து, ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நீக்கிலாஸ் அது விஞ்ஞானக் கல்லூரி என்றார். படிவங்களுக்கு வெளியே அவருடைய அறிவு அவ்வளவுதான்.

தை மாதம் பிரதீஸின் கையில் எண்ணெய் தெறித்தது. இசபெல் உடனே கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து, பார்மசிக்குக் கூட்டிக்கொண்டுபோய் மருந்து கட்டினாள். அதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த நாள்தான் கூத்து. அடுப்பு எரியாத நேரத்தில் அவனைக் குளிர்ந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க வைத்து, முதல் நாள் எப்படி நின்றானோ அப்படியே நின்று, சுட்ட கையைச் சட்டியில் மெதுவாக முட்டச் சொன்னாள். முட்டினான். இன்னொரு தரம். இன்னொரு தரம். அடிபட்ட இடத்தையும் அடித்த பொருளையும் மறுபடி சந்திக்க வைத்தால் நோவும் வலியும் இறங்கும் என்பது அவர்களுடைய முறையாம். மரக்கறி வாங்கிக்கொண்டு போன நான் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு தரம் முட்டினான். நோ போய்விட்டது என்றான். ஒரு நாள் கழிந்தால் எங்களுக்கும்தான் போகும்.

ஆனால் பிரதீஸுக்கு அது போதுமாக இருந்தது. பாரிசில் அவனை யாரும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

பிறகு ஒரு நாள் அவன் குளிசை போடுவதைக் கண்டு அவள் பெட்டியை வாங்கி வாசித்தாள். இது நரம்புக்கு இல்லை, மனநல வைத்தியர் கொடுக்கிற மருந்து என்று சொன்னாள். சொன்னதோடு நின்றிருக்கலாம். தங்கள் நம்பிக்கையையும் சொன்னாள். பழைய அடிகளும் அதிர்ச்சிகளும் மனதுக்குள் படங்களாகக் கிடக்கின்றன. கேட்பதற்கு ஒருவர் முன்னால் இருக்க, அவற்றைத் தானே பார்த்துப் பார்த்துத்தான் கலைக்க வேண்டும். குளிசை அந்தப் படங்களை மூடிவிடும். மனநல வைத்தியம் என்பது வைத்தியமே இல்லை. பல் வைத்தியரிடம் அவள் போவாள். கால் முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவாள். உடம்பு வைத்தியருக்கு ஓம், மனநல வைத்தியருக்கு இல்லை. இறைச்சி தின்னாதவருக்கு இறைச்சிக் கடை எப்படியோ, அவளுக்கு அந்த வாசல் அப்படி.

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அவள் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. மண்டைக் குளிசை ஆளைக் கெடுக்கும், விசர் டொக்டரிடம் போனவன் திரும்ப மாட்டான் என்று இந்தத் தெருவில் நாங்கள் எல்லாரும் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நாங்கள் முகத்தைச் சுளித்துச் சொன்னோம். அவள் கண்ணைப் பார்த்து, ஒரு சமயத்தோடு சேர்த்துச் சொன்னாள். அவன் அவளுடைய சொல்லைக் கேட்டான்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காட் புதுப்பிக்க ஐந்து வாரம்தான் இருந்தது. வைத்தியர் படிவத்தை நிரப்ப வேண்டும். பிரதீஸ் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றான்.

அன்று பின்னேரம் நீக்கிலாஸ் தயாளினி வீட்டுக்கு வந்தார், நானும் இறங்கிப் போனேன். அவர் வந்தால் எந்தப் பிரச்சினையும் படிவமாகிவிடும். ஒரு தரம் போ, பழையபடி சொல்லு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா, பிறகு குளிசையைக் குப்பையில் போட்டாலும் உன் விருப்பம் என்றார். லா சப்பலில் எவரும் மறுக்காத ஆலோசனை. பிரதீஸ் மறுத்தான்.

"பொய் சொல்ல மாட்டன், அண்ணை. மறைச்சு வைக்கிறதுதான் வருத்தம். இசபெல் ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுகினம். அக்கா ஆறு வருசமாய் மறைச்சது எனக்குள்ளையும் கிடக்குது."

நீக்கிலாஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எங்களில் பாதிப் பேர் பிறந்த தேதியையே மாற்றிச் சொல்லித்தான் இந்த நாட்டில் இருக்கிறோம். இவன் ஒருவனுக்கு, காட் முடிகிற மாதம் பார்த்து, உண்மை பேசும் வியாதி வந்திருக்கிறது.

குளிசையை அவன் அன்றே நிறுத்தினான். ஒரேயடியாக. முதல் நாலு நாள் வெற்றி வீரன் மாதிரி நடந்தான். எட்டாம் நாள் கழுவின கோப்பைகளைப் போட்டு உடைத்தான். பன்னிரண்டாம் நாள், பட்டப்பகலில், தலைக்கு மேலே பாலத்தில் மெற்றோ கடகடத்துக்கொண்டு வர, அவன் மரக்கறிக் கடைக்கு வெளியே அடுக்கியிருந்த வாழைக்காய்ப் பெட்டிகளுக்குக் கீழே புகுந்துவிட்டான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு மெற்றோ வருகிற இடம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னும் கொஞ்சம் போனான். கடைக்காரரும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து எடுத்தோம். பொருள் வாங்க வந்திருந்த மேரிறோஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனாள். எபினேச் சம்பந்தம் அந்த வாழைக்காய்ப் பெட்டியோடு முடிந்தது.

இசபெலுக்கும் பயம் வந்துவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லையே, வைத்தியரைக் கேட்காமல் ஒரேயடியாக விடக் கூடாது என்றாள். எந்த வைத்தியரை என்று அவன் கேட்டான். உடம்பு வைத்தியரை என்றாள். மூலையில் இருக்கும் குடும்ப வைத்தியரிடம் போனார்கள். அவர் மருந்து எழுதிய துண்டைப் பார்த்துவிட்டு, இதைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்தவரின் வேலை, இந்த வாரமே அவரிடம் போ என்றார். ஆக, இசபெலின் வழியால் போனாலும் நீக்கிலாஸின் வழியால் போனாலும் ஒரே வாசலுக்குத்தான் வந்து சேர வேண்டியிருந்தது.

பிரதீஸ் கடைசியில் போகச் சம்மதித்தான். ஆனால் நிபந்தனைகள் வைத்தான். அக்கா உள்ளே வரக் கூடாது. தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். அது எவருடைய மச்சாளாக இருக்குமோ, பின்னேரத்துக்குள் எல்லாக் கடைக்கும் கதை வந்துவிடும். அவன் நினைத்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கேட்டது இசபெலை. அவனுடைய உடைந்த பிரெஞ்சை முழுப் பிரெஞ்சாக்கிச் சொல்ல அவளால் முடியும். அவள் கூட்டிக் குறைக்க மாட்டாள் என்று நம்பினான்.

போகும் நாளன்று கட்டட வாசலில் மூவரும் நின்றார்கள். நான் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். இசபெல் அழுத கண்ணோடு, நிலையத்தின் வாசல்வரை வருகிறேன், உள்ளே வர என்னால் முடியாது என்றாள். தயாளினிதான் பேசினாள். அதுவரை அந்தப் பெண்ணின் பெயரைக்கூடச் சொல்லாதவள், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் பிரெஞ்சு வராமல் தமிழிலேயே சொன்னாள்.

"பிள்ளை, நீ நம்ப வேண்டாம். காதாலை கேட்டு வாயாலை சொன்னாப் போதும். அவன்ரை காட் போகுது. அவனே போயிடுவான் போலை கிடக்குது."

இசபெலுக்குச் சொல் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்கும். முடியாது என்று தலையை அசைத்தாள். ஒரு மனிதனோடு மணிக்கணக்காக இருந்து அவன் வேதனையைக் கேட்கக்கூடியவள், இரண்டு மீட்டர் அகலமான ஒரு கதவைத் தாண்ட மாட்டாளாம். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆறு வருடம் அதே கதவுக்குள் கூட்டிக்கொண்டுபோய், அவனை ஒன்றையும் கேட்கவிடாமல் செய்த அக்காவையும் சேர்த்து உலுக்கியிருப்பேன்.

அவன் தனியே உள்ளே போனான். தயாளினி நடைக் கதிரையில் இருந்தாள். இசபெல் தெருவின் மற்றப் பக்கம், மழையில், ஒரு கடைப் படங்கின் கீழே நின்றாள். இதைச் சொன்னவர் நீக்கிலாஸ். படிவத்தில் ஒரு பெட்டியும் விடுபடக் கூடாது என்று அவரும் பின்னால் போயிருந்தார். வழக்கமாகக் கால் மணித்தியாலத்தில் முடிகிற சந்திப்பு, அன்றைக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

வெளியே வந்தவனின் கையில் படிவம் இருந்தது. நிரப்பியிருந்தது. நீக்கிலாஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இப்படி முழுதாக எழுதின படிவத்தை நான் கண்டதில்லை என்றார். தயாளினி, என்ன கேட்டார் என்றாள்.

"அவர் கேட்டதுக்கெல்லாம் என்ரை உடைஞ்ச பிரெஞ்சிலை நானே சொன்னன்," என்றான் பிரதீஸ். "குளிசையை விட்டதையும் சொன்னன், ஏன் விட்டனான் எண்டும் சொன்னன். ஏசேல்லை. சின்னவளைப் பற்றியும் சொன்னன்."

தயாளினி அந்தக் கதிரையிலேயே திரும்ப இருந்துவிட்டாளாம். அவர்களுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது எங்கள் தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. என் காலுக்குக் கீழே ஆறு வருடத்துக்கு மேல் இருந்த குடும்பம். வைத்தியருக்கும் தெரியாது. அதை மட்டும் தயாளினி ஒரு தடவைகூட மொழிபெயர்க்கவில்லை. கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. தங்கைக்கு என்ன நடந்தது என்று நீக்கிலாஸ் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

குளிசை குறைந்த அளவில் மறுபடி தொடங்கியது. மாதம் ஒரு தரம் வைத்தியரைப் பார்த்து, அளவைப் பற்றி அவரோடு பேசித் தீர்மானிப்பது என்று ஏற்பாடு. இசபெல் சந்தோசப்பட்டாளா, கவலைப்பட்டாளா என்று சொல்ல முடியாத முகத்தோடு வந்து, அந்த மருந்து எடுக்கும்வரை, மனதுப் படங்களைக் கலைக்கிற தங்கள் சமய அமர்வுகளில் அவன் இருக்க முடியாது, முறை அப்படி என்று சொன்னாள். உணவகத்தின் பின்வாசலில் இருவரும் நின்று பேசினார்கள். நீங்கள் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதிக்காகத்தான் டொக்டரிடம் வாய் திறந்தேன் என்று அவன் சொன்னானாம். மற்றப் பாதி என்ன என்று அவள் கேட்டாளாம். அவன் கோப்பை கழுவப் போய்விட்டான்.

வைகாசியில் காட் வந்தது. ஒரு வருடம்.

தயாளினி மாதக்கணக்காகத் தம்பி முகத்தைப் பார்க்கக் கூசினாள். சண்டை இல்லை, சண்டை இருந்தால் நான் கேட்டிருப்பேன். ஆடி மாதம் பிரதீஸ் இரண்டு பைகளோடு எபினே-சூர்-செய்னுக்குப் போய், ஒரு மட்டக்களப்புப் பிள்ளையோடு அறை எடுத்துக்கொண்டான். அக்காவுக்கு முகவரி கொடுத்தான். வைத்தியரைச் சந்திக்கும் நாள் எது என்று மட்டும் சொல்லவில்லை. எபினேப் பெண்ணை மேரிறோஸ் சுவிசில் ஒரு மாப்பிள்ளைக்குக் கட்டி வைத்தாள். இசபெல் உணவகத்தை விட்டாள். தன் சமயத்தைச் சேர்ந்த ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு துலூஸ் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி.

ஐப்பசியில், பத்தாம் வட்டாரத்து மாநகர மண்டபத்தில், தயாளினி நீக்கிலாஸைப் பதிவுத் திருமணம் செய்தாள். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், அவள் சைவம், இருவருக்கும் ஐம்பதை எட்டும் வயது. தெருவுக்குப் பேச நிறைய இருந்தது. பிரதீஸ் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தான். அதிகாரி பிரெஞ்சில் வாசித்ததைத் தயாளினி அவனுக்கு மொழிபெயர்க்கத் திரும்பினாள். விளங்குது அக்கா என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இப்போது அவள் போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே, நீக்கிலாஸின் வீட்டில் இருக்கிறாள்.